சாகத் துணிந்தவர் என்று யார் சொன்னது?

சென்ற இதழில் நண்பர் ஒருவர் காரைக்கால் வட்டாரத்துப் பூச்சிமருந்துச் சாவுகளைப் பற்றி எழுதியிருந்தார். நடை சரளம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சாகத் துணிந்தவனை யாராலும் தடுக்க முடியாது, மருந்து கிடைக்காவிட்டால் வேறொன்றைத் தேடிக்கொள்வான், ஆகவே பூச்சிமருந்துக்குத் தடை, கடைக்குக் கெடுபிடி என்று பேசுவதெல்லாம் கடைமடை விவசாயியின் வயிற்றில் அடிக்கிற வேலை. நடுவில் ஒரு பத்தியில் முதலுதவியும் கற்றுக்கொடுத்திருக்கிறார். இன்னொரு பத்தியில், அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாலும் ‘குளுக்கோஸ் ஏற்றிவிட்டுக் கையை விரிப்பார்கள்’ என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். கருத்து மட்டும் தவறாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். அந்த முதலுதவிப் பத்தியை நம்பி யாராவது செய்து தொலைக்கப் போகிறார்களே என்பதால்தான் பேனாவை எடுத்தேன். ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

‘குடித்தவருக்கு உடனே உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள், சாணியைக் கரைத்து ஊற்றுவது நம் முன்னோர் கண்ட கைமருந்து’ என்கிறார். எந்த முன்னோர்? நம் வயலில் அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் வகை 1930களில் ஜெர்மனியில் உருவானது. கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சியைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்தபோது டாபுன் என்ற போர் நஞ்சு அவர் கையில் சிக்கியது. அந்தக் குடும்பத்துப் பங்காளிகள்தான் இன்றைக்கு நம் வரப்போரம் உருண்டு கிடக்கும் காலி டப்பாக்களில் இருந்தவை. இதற்குக் கைமருந்து கண்டுபிடித்து வைக்க நம் கொள்ளுப்பாட்டனுக்கு வாய்ப்பே இல்லை.

மருந்து குடித்தவர் அரைமயக்கத்தில் இருப்பார். தொண்டையில் இருமிக் காறித் தள்ளுகிற தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் வாயைப் பிளந்து சாணித் தண்ணீரை ஊற்றினால் பாதி வயிற்றுக்குப் போகும், பாதி நுரையீரலுக்குப் போகும். வாந்தியாக வெளியே வருவதும் அதே வழியில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். மருந்து கரைந்திருக்கும் திரவம் பெரும்பாலும் மண்ணெண்ணெய் ஜாதி. நுரையீரலில் பட்டால் வெந்துபோகும். அதோடு சாணியும் சேர்ந்தால், நஞ்சு கொல்லாமல் விட்டவரை நிமோனியா கொன்றுவிடும். உப்புத் தண்ணீரைக் கரைத்துக் கரைத்து ஊற்றினால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். வாந்தி வந்தால் நஞ்சு போய்விட்டது என்று வீட்டார் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள், அது தனி ஆபத்து. அதற்குள் அரை மணி போயிருக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றுங்கள். சோப்புக்கு இங்கே வேலை உண்டு, வாய்க்குள் இல்லை, தோலின் மேல்: நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையில் உறை போட்டுக்கொள்ளட்டும். வாய்வழியாக எதுவும் வேண்டாம், மோர் வேண்டாம், முட்டை வேண்டாம், புளித்தண்ணீர் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலைக் குப்பையில் வீசாமல், லேபிளோடு கையோடு கொண்டுபோங்கள். டில்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இரவு பகலாகத் தொலைபேசியில் பதில் சொல்கிறது, கட்டணமில்லா எண் 1800 116 117. நண்பரின் பத்தியைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஒட்டிக்கொள்ளலாம்.

இனி அந்தக் குளுக்கோஸ் விவகாரம். நண்பர் வார்டுக்குள் போய்ப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. போயிருந்தால் தொங்குகிற பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கமாட்டார். நரம்பு ஒரு தசைக்கோ சுரப்பிக்கோ சேதி சொல்லி முடித்ததும் அந்தச் சேதியை அழிக்கிற நொதி ஒன்று உடம்பில் இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சேதி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் வழியும், கண்ணில் நீர் வடியும், உடம்பு வேர்வையில் நனையும், கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும், நாடி விழும், நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்துக்கொண்டு ஆள் தரையில் படுத்தபடியே மூழ்குவார். இதற்கு எதிர்மருந்து அட்ரோபின். ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகிற ஒரு சின்ன ஊசிமருந்து.

மருந்து மலிவு, அதைக் கொடுக்கிற வேலைதான் மலிவில்லை. ஒரு தடவை போட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். போதவில்லையென்றால் இரட்டிப்பு. அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி இரட்டிப்பு. ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தால் கேட்கும் அந்தக் கொறகொறப்பு அடங்க வேண்டும், நாடி எண்பதைத் தாண்ட வேண்டும், ரத்த அழுத்தம் எண்பதுக்கு மேல் நிற்க வேண்டும். அக்குளில் கைவைத்துப் பார்ப்பார் நர்சம்மா. காய்ந்திருந்தால் மருந்து சேர்ந்துவிட்டது, ஈரமாக இருந்தால் இன்னும் வேண்டும். சேர்ந்த பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே அதே அக்குளை இரவெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும். கூடிப்போனால் நோயாளி பிதற்றுவார், ஜுரம் அடிக்கும், கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்ப்பார். அப்போது குறைக்க வேண்டும். வெளியில் நிற்கிற உறவினர் கண்ணுக்கு இது ‘சும்மா குளுக்கோஸ்’தான்.

இந்த வேலையைச் சரியாகச் செய்தால் என்ன வித்தியாசம் வருமென்று வங்கதேசத்தின் சிட்டகாங்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு. பழைய பாணியில் குத்துமதிப்பாக அட்ரோபின் போட்ட குழுவில் நூற்றுக்கு 22 பேருக்குச் சற்று மேல் இறந்தார்கள். மேலே சொன்ன மாதிரி இரட்டிப்பாக்கி, பிறகு சொட்டாக ஏற்றிய குழுவில் இறந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். மருந்து அதே மருந்துதான், கட்டிலருகே ஆள் நின்றாரா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். பிராலிடாக்ஸிம் என்ற இன்னொரு ஊசியைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. மராட்டியத்தின் பாராமதியில் 2006இல் பலன் தந்தது, இலங்கையில் 2009இல் தரவில்லை. அது அவர்கள் பாடு. அட்ரோபினில் சண்டை இல்லை.

சிகிச்சை முடிந்துவிட்டதாகத் தோன்றுகிற இரண்டாம் நாளில்தான் வீட்டார் அவசரப்படுகிறார்கள். நோயாளி பேசுகிறார், கஞ்சி கேட்கிறார். ‘எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறவர்கள் உண்டு. சிலருக்கு, ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள், கழுத்துத் தசை முதலில் தளரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. அடுத்தது மூச்சுத் தசை. வென்டிலேட்டர் பக்கத்தில் இருந்தால் சில நாளோ சில வாரமோ தாங்கிப் பிழைத்து எழுவார்கள். வீட்டுத் திண்ணையில் இருந்தால் ‘நன்றாகத்தான் இருந்தான், திடீரென்று போய்விட்டான்’ என்று ஊர் பேசும். எலி பேஸ்ட் இன்னும் ஏமாற்றுக்காரி: முதல் நாள் வாந்தி, அப்புறம் இரண்டொரு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்துவிட்டு, பிறகு மஞ்சள் காமாலையில் தொடங்கிக் கல்லீரலைச் சாய்க்கும். நண்பர் ஒரு சம்பவத்தை எழுதியிருந்தாரே, ‘ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் பிணமாக வந்தான், ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள்’ என்று? அவர் சொல்கிற நாள் கணக்கை வைத்துப் பார்த்தால் கொன்றது ஊசியாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியின் மேல் அவருக்கு இருக்கும் கோபம் முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2022 செப்டம்பரில் இந்த ஊரில் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பையன், பள்ளிக்கூடத்தில் கொடுக்கப்பட்ட குளிர்பானத்தில் நஞ்சு கலந்திருந்ததால் இறந்தான் என்று கொலை வழக்கு பதிவானது. உடன்படித்த மாணவியின் தாயார் கைதானார். சிகிச்சையில் அலட்சியம் என்று உறவினர்கள் தெருவில் இறங்கினார்கள், விசாரணை நடந்தது, மருத்துவர்கள் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தக் காயம் காரைக்காலில் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதிலிருந்து நண்பர் வந்து சேர்கிற முடிவைப் பாருங்கள்: ஆஸ்பத்திரி சரியில்லை, ஆகவே சாணியைக் கரை! ஆஸ்பத்திரி சரியில்லையென்றால் நஞ்சுச் சிகிச்சைக்குத் தனிப் படுக்கையும், போதுமான வென்டிலேட்டரும், இரவில் அக்குளைத் தொட்டுப் பார்க்க ஆளும் கேட்டுப் போராட வேண்டும். புதுச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக்கொடுத்தால், தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று இன்னொரு மாநிலத்தைக் கடந்து 130 கிலோமீட்டர் போக வேண்டிய துண்டுநிலம் இது. மூச்சுக்குழாய் போடாமல் அந்தப் பயணத்துக்கு ஒருவரை ஏற்றி அனுப்புவதைப் பற்றி நண்பர் ஒரு வரி எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

இன்னொன்று, அந்தப் பையனின் வழக்கைக் காட்டி ‘நஞ்சு என்றால் கொலை, கொலைகாரரைத் தூக்கில் போட்டால் தீர்ந்தது’ என்று அவர் தாவுவது. கொலை நாளிதழின் முதல் பக்கத்துக்கு வரும். மற்றவை உள்பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தியாக, ‘வயிற்றுவலி தாங்காமல் விஷமருந்திய’ என்ற ஒரே வாய்பாட்டில் வரும். நாட்டில் நடக்கும் தற்கொலைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று நஞ்சால் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அதே காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு லட்சம் பேருக்கு மொத்தத் தற்கொலையின் தேசிய சராசரி 12.4, புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 29.7. நாம் எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘தடுக்க முடியாது’ என்று பேசுகிறோம் என்பது தெரிந்திருக்கட்டும்.

இப்போது அவருடைய மூல வாக்கியத்துக்கு வருகிறேன். சாகத் துணிந்தவன். நெடுநாள் யோசித்து, ஒன்றைத் தேர்ந்து, உறுதியோடு குடிக்கிற ஒரு வீரனைக் கற்பனை செய்துகொண்டு எழுதியிருக்கிறார். உண்மையில் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்தவர்களை உட்கார வைத்துக் கேட்டார்கள். இலங்கைக் கிராமப்புறத்தில் நடந்த அந்த ஆய்வு 2006இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் அரை மணி நேரம்கூட யோசிக்கவில்லை. ஏன் இந்த நஞ்சு என்று கேட்டால் நூற்றுக்கு 85 பேர் சொன்னது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதே. எது கொல்லும், எது கொல்லாது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, அப்பா திட்டியது, தேர்வு முடிவு, குடிபோதை, கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று கத்தியது: கொல்லைப்புறத்து மாடத்தில் டப்பா இருந்தது, எடுத்தார்கள். அந்த மாடத்தில் எந்த டப்பா இருந்தது என்பதுதான் அவர் வீடு திரும்பினாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு இலங்கை ஆய்வு 2010இல் வந்தது. ஒரே மாதிரிக் குடித்தவர்கள்தாம். சில பூச்சிமருந்தில் ஒருவர்கூடச் சாகவில்லை, ஒன்றில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். துணிச்சலின் அளவு மருந்துக்கு மருந்து மாறியதா என்ன?

‘இது கிடைக்காவிட்டால் வேறொன்று’ என்பது எல்லா ஊரிலும் சொல்லிப் பார்த்த வாதம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சமையலுக்கு நிலக்கரி வாயு வந்தது, அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தது. 1963இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,714 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இயற்கை எரிவாயு குழாயில் வரத் தொடங்கியது. அதில் அந்த நஞ்சு இல்லை. யாரும் யாருக்கும் மனநல வகுப்பு எடுக்கவில்லை, அடுப்பு மாறியது, அவ்வளவுதான். 1975இல் மொத்தத் தற்கொலையே 3,693ஆக இறங்கியிருந்தது. வாயு கிடைக்காதவர்கள் எல்லாரும் வேறு வழி தேடியிருந்தால் எண்ணிக்கை அப்படியே அல்லவா நின்றிருக்க வேண்டும்?

கடல் தாண்டிப் பக்கத்தில் பார்ப்போம். இலங்கை 1995 வாக்கில் உலக சுகாதார நிறுவனம் கடும் நச்சு என்று வகைப்படுத்திய முதல் பிரிவு பூச்சிமருந்துகளை, மோனோகுரோட்டோபாஸ் உட்பட, விலக்கியது. 1998இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை படிப்படியாக இன்னும் மூன்று. 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47ஆக இருந்த தற்கொலை வீதம் பத்தாண்டில் 24ஆகப் பாதியாயிற்று. உள்நாட்டுப் போரும் சுனாமியும் நடந்த பத்தாண்டு அது, மக்கள் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருக்கவில்லை. பூச்சிமருந்தைக் குடிப்பதும் அங்கே நின்றுவிடவில்லை. குடித்தார்கள், பிழைத்தார்கள். ‘வேறொன்று’ என்று அரளியைச் சொல்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் 1980களில் மஞ்சள் அரளி விதையைத் தின்று ஆஸ்பத்திரிக்கு வருவது பரவி, பிறகு தீவு முழுக்கப் போனது. அங்கே அதை எதிர்கொண்டு இருதயத் துடிப்பை மானிட்டரில் கவனித்து, கரித்தூள் கொடுத்து, எதிர்ப்புரத ஊசி பரிசோதித்து வழி கண்டார்கள். அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். கடும் நச்சிலிருந்து குறைந்த நச்சுக்கு மாறுவதை ‘வேறு வழி தேடிக்கொண்டான்’ என்று உதடு பிதுக்குகிறவர், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சவப்பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்க மறுக்கிறார்.

பிழைத்தவர் மறுபடி குடிப்பார் என்பது அவருடைய கடைசிக் கட்டை. சிலர் முயல்வது உண்மை. பெரும்பாலோர் முயல்வதில்லை. மனம் மாறுவதற்கு வேண்டிய காலம் கிடைத்ததுதான் காரணம். அந்தக் காலத்தில் பேசுவதற்கு ஆள் வேண்டும். டெலிமானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. போலீஸ் கேஸாகிவிடுமே என்று பயந்து ‘தவறுதலாகக் குடித்துவிட்டார்’ என்றும் ‘என்ன குடித்தார் தெரியாது’ என்றும் டாக்டரிடம் பொய் சொல்லும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும், அது நடைமுறை. டாக்டரிடம் மருந்தின் பெயரை மறைப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

விவசாயியின் வயிற்றில் அடிப்பதாக ஒப்பாரி வைக்கிறாரே, அதையும் பார்த்துவிடுவோம். இலங்கையில் அந்தத் தடைகளுக்குப் பிறகு நெல் விளைச்சல் சரிந்ததா என்று அந்த நாட்டுப் பூச்சிமருந்துப் பதிவாளராக இருந்த காமினி மனுவீர உள்ளிட்டோர் கணக்குப் பார்த்து 2008இல் எழுதினார்கள். சரியவில்லை. கேரளம் 2011இல் ஒரு பட்டியலையே தடை செய்தது. பாலக்காட்டில் இன்றும் நெல் விளைகிறது. குறைந்த நச்சுள்ள மாற்றுகள் இருக்கின்றன. எப்போது அடிக்க வேண்டும், எப்போது வேண்டவே வேண்டாம் என்று சொல்லித்தர நம் வட்டாரத்துச் செருமாவிலங்கையிலேயே ஒரு வேளாண் கல்லூரி இருக்கிறது. விவசாயி அங்கே போகாமல் கடைக்காரரிடம் போய் ‘இலை சுருட்டுதுண்ணே, என்ன அடிக்கலாம்’ என்று கேட்கிறார் என்றால், விற்கிறவரே வைத்தியராகவும் இருக்கிற ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நண்பர் விவசாயி என்று எழுதும்போது பட்டாவில் பெயர் உள்ளவரை மட்டும் நினைக்கிறார் போலிருக்கிறது. மருந்து அடிப்பவர் கூலியாள். சம்பா வயலிலோ, கோடையில் பருத்திக் கொல்லையிலோ, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, முதுகில் தெளிப்பானைச் சுமந்தபடி காற்றுக்கு எதிர்த்திசையில் நடப்பார். தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். அந்தக் கையாலேயே பீடியைப் பற்றவைப்பார். சாயங்காலம் தலை சுற்றுகிறது, வயிறு பிரட்டுகிறது என்றால் ‘வெயில்’ என்று சொல்லிவிட்டு ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடித்துப் படுப்பார். 2017இல் மராட்டியத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் யார் சாகத் துணிந்தவர்? 2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா பக்கத்துக் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தன. சமையல் எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். 1958இல் கேரளத்தில், பூச்சிமருந்தோடு ஒரே கப்பலில் வந்த உணவுப்பொருளைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஒன்று வேண்டும் என்ற யோசனையே இந்த நாட்டுக்கு வந்தது. அது சட்டமாக இன்னும் பத்தாண்டு ஆயிற்று. குளிர்பான பாட்டிலைக் கொண்டுபோய் ‘இதில் கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள்’ என்றால் ஊற்றிக் கொடுக்கிற கடை இன்னமும் இருக்கிறது. அந்த பாட்டிலில் லேபிள் கிடையாது. தாகமெடுத்த பிள்ளைக்கு அது ஆரஞ்சு ஜூஸ். கட்டுரை முழுக்கத் தேடினேன், இதைப் பற்றி நண்பர் ஒரு சொல் எழுதவில்லை.

அவர் தருகிற ஒரே மாற்று யோசனை, ஒவ்வொரு வீட்டிலும் மருந்தை ஒரு பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பூச்சிமருந்துக் கம்பெனிகளுக்கும் இது ரொம்பப் பிடித்த யோசனை, விற்பனை குறையாதல்லவா. இலங்கையில் 180 கிராமங்களில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே, பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தும் மீதிக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. சாவி அதே வீட்டில்தானே தொங்குகிறது! ஆனால் நம் பக்கத்துக் காட்டுமன்னார்கோவிலில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். மருந்து வீட்டுக்கே வராமல், ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம், வங்கி லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி, பார்த்துக்கொள்ள ஒருவர். சில கிராமங்களில் நடந்த சிறு முயற்சி, அதை வைத்துப் பெரிதாக மார்தட்ட முடியாது. இருந்தாலும் விவசாயிகள் ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள், சம்பவங்களும் குறைந்தன. திருநள்ளாறிலோ நெடுங்காட்டிலோ ஒரு பஞ்சாயத்து இதைச் செய்து பார்த்தால் யார் வயிற்றில் அடி விழும்?

கடைசியில் எல்லை. 2023 வாக்கில் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு பூச்சிமருந்துகளை அறுபது நாளைக்குத் தடை செய்தது, மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டை நிரந்தரமாக விலக்கியது. அறுபது நாள் என்பது 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கும் அளவு, விசாரணை முடியாவிட்டால் இன்னும் முப்பது நாள் வரை நீட்டலாம். அதற்கு மேல் டில்லிதான். அந்த அரசாணை காரைக்கால் எல்லையில், தெற்கே வாஞ்சூரில் நின்றுவிட்டது, வடக்கே பூவத்தில் நின்றுவிட்டது. நாகூரில் விற்கக் கூடாததை நடந்துபோகிற தூரத்தில் விற்கலாம் என்று இருந்தது. சாராயத்துக்காக இந்த எல்லையை எப்படிப் பயன்படுத்துவது என்று இரண்டு பக்கத்தாரும் பழகி வெகுகாலமாகிறது. புதுச்சேரி நிர்வாகமும் அதே நாளில் அதே ஆணையைப் போட்டிருக்க வேண்டும் என்று கேட்பது தீவிரவாதமா? நண்பர் அப்படித்தான் எழுதுகிறார்.

அதற்குள் டில்லியே இறங்கி வந்துவிட்டது. 2023 செப்டம்பர் இறுதியில் வந்த மத்திய அரசின் ஆணை, நாம் அதிகம் கேள்விப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலின் பதிவை ரத்து செய்தது. கையிருப்பை விற்றுத் தீர்க்கக் கால அவகாசமும் கொடுத்தது. கடைக்காரர் நஷ்டப்பட்டுவிடக் கூடாதே என்று அவ்வளவு கரிசனம். நண்பர் தன் கட்டுரையை ‘விற்பனையாளர்களின் இழப்பை யார் ஈடுகட்டுவது?’ என்று முடித்திருந்தார். அந்த அவகாசம் முடிந்துபோனது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. காரைக்காலில் அந்தக் கையிருப்பு நிஜமாகவே தீர்ந்துவிட்டதா என்று வேளாண் துறை அதிகாரிகள் கடை கடையாக ஏறி அலமாரியைத் திறந்து பார்த்து, பட்டியலை வெளியிடட்டும். நண்பரும் கூடப் போகட்டும், கடைக்காரர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள்தானே.